விரலுக்குள் சுழலும் கியர்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மழை. குர்லாவில் ரயில் மாறும்போது செருப்பு அறுந்தது. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பட்டறை வரை ஒரு காலை இழுத்து இழுத்து நடை. ஜமால் காக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன புள்ள, காலு சுளுக்கிட்டா?" என்றார். செருப்பைக் காட்டினேன். "ஃபெவிக்விக் கிடக்கு பாரு" என்று உள்ளே போய்விட்டார். என் கூடப் பிறந்த அண்ணன், பட்டறை முதலாளி, விசாரிப்பு அவ்வளவுதான்.

வயர்கட் மெஷினில் வயர் மாட்டி, தண்ணீர் நிரப்பி, டை பிளேட்டு என்கிற அச்சுத் தகடு ஒன்றை ஓடவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். சுந்தர் சார் வந்தார். செயற்கைக் கை செய்கிறவர். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வீட்டு ஹாலிலேயே கை செய்கிறார். அந்தக் கையின் விரல்களுக்குள் இருக்கிற எஃகு கியர்கள் நாங்கள் வெட்டிக் கொடுப்பவை. சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது ஒவ்வொன்றும்.

பையிலிருந்து ஒரு டப்பா எடுத்து மேஜையில் வைத்தார். போன மாதம் கொடுத்த கியர்களில் கையில் மாட்டியது போக மிச்சம். அப்படியே திரும்பி வந்திருக்கின்றன.

"சத்தம் போடுது, ஆயிஷா."

காக்கா உடனே ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். "சார், டிராயிங்ல என்ன ஃபினிஷ் கேட்டிருக்கீங்களோ அதுக்கு உள்ளதான் இருக்கு. பாருங்க."

"தெரியும். ஸ்பெக் எல்லாம் ஓகே. ஆனா இந்தக் கையை வாங்கின டீச்சர் இதைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனாங்க. செகண்ட் பீரியட்ல கழட்டி ஹேண்ட்பேக்ல வச்சிட்டாங்க."

காக்கா ரிப்போர்ட்டை மடித்தார்.

பிளாஸ்டிக் கியர் தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறதாம். சத்தம் இருக்காது. ஆனால் அந்தக் கையால் வாளி தூக்க முடியாது, பல் உடையும். அடுத்த வாரம் வெள்ளிக்குள் சாருக்கு முடிவு வேண்டும். "எனக்கு மெட்டல்தான் இஷ்டம்" என்றார். போகும்போது குடையை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஹேண்ட்பேக்கில் ஒரு கை. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மழை விட்டு விட்டு. காக்கா ஜும்மாவுக்குப் போயிருந்தார். கியர் ஒன்றை மைக்ராஸ்கோப் கேமராவுக்குக் கீழே வைத்தேன்.

கையில் தடவினால் வழுவழு. திரையில் மேடும் பள்ளமும். உருகித் தெறித்து அப்படியே உறைந்த சொட்டுகள், குழிகள், குழிக்குள் குழி. வயர்கட்டில் கத்தி கிடையாது. பித்தளைக் கம்பி பக்கத்தில் போகும், தொடாது. இடையில் பொறி பறக்கும், அந்தப் பொறிதான் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குழி. இது தெரியாதவள் இல்லை நான். டிப்ளமோவில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு ஆளின் விரலுக்குள் இது போகிறது என்று நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் உள்ள எண் எங்கிருந்து வந்தது? ஃபினிஷ், அதாவது மேற்பரப்பின் வழுவழுப்பு, அளக்கிற ஊசி இவ்வளவு சின்னப் பல்லிடுக்கில் நுழையாது. அதனால் கியரோடு சேர்த்து ஒரு தட்டையான துண்டு வெட்டி, அதை அளந்து எழுதுவோம். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். சு.சாருக்கும் தெரியும். தட்டையில் கம்பி நேராகப் போகிறது. பல்லில் வளைந்து வளைந்து போகிறது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும்?

காக்கா வந்ததும் சொன்னேன். "கஸ்டமரே ஒத்துக்கிட்ட முறை. நீ ஏன் கிண்டுதே?" என்றார்.

உட்காரவே முடியவில்லை இன்று. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சு.சாருக்கு போன் செய்து, அந்தக் கையை நேரில் கேட்க வேண்டும் என்றேன். பார்க்க இல்லை, கேட்க.

வாங்க வேண்டியது: செருப்பு, உம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து, தார்ப்பாய் (மாடியில் ஒழுகுகிறது).

ஜூலை 5, சனி

மாட்டுங்கா, அந்த டீச்சர் வீடு. புதுச் செருப்பு கடிக்கிறது.

வைதேகி டீச்சர் கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார்.

"நீங்கதான் பண்றேளா இத? நான் யாரோ மீசை வெச்ச மாமான்னு நினைச்சிண்டிருந்தேன். உக்காருங்கோ."

கை எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "லோக்கல் ட்ரெயின். அதுக்கு மேல கேக்காதீங்கோ."

கை மேஜைமேல் துண்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. மாட்டிக்கொண்டார். விரல்களை மூடித் திறந்தார். கிர்ர். கிர்ர். நான் நினைத்ததை விட அதிகம். ஃபேன் ஓடும்போதே கேட்கிறது.

"பசங்க சிரிக்கிறாங்களா, டீச்சர்?"

"சிரிச்சா ஒரு அதட்டுப் போட்டு முடிச்சிருப்பேனே. டெஸ்ட் நடந்துண்டிருக்கு. நான் பேப்பர எடுக்கறேன், இது கத்தறது. அத்தனை தலையும் நிமிர்றது. அப்பறம் எல்லாம் ஒண்ணா குனிஞ்சுக்கறது. ஒரு வாண்டுகூட சிரிக்கலை. பாவம்னு குனியறதுகள் பாருங்கோ, அத என்னால தாங்க முடியல."

அனுமதி கேட்டு, சத்தம் அதிகம் வருகிற கட்டைவிரல் பக்கம் காதை வைத்தேன். ரப்பர் வாசனை. டீச்சர் போட்டிருந்த பவுடர் வாசனை. முன்பின் தெரியாத ஒருவரின் கைமேல் காதை வைத்திருப்பது கூச்சமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா மூடுங்க. இன்னும் மெதுவா."

இரண்டு சத்தம். ஒன்று தொடர்ந்து வரும் உரசல். இன்னொன்று இடைவெளி விட்டு ஒரு டிக். சுற்றுக்கு ஒரு தடவை. அந்த டிக் வரும் இடத்தில் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கி, பிறகு துள்ளுகிறது. இரண்டு சாக்பீஸ் இப்படித் துள்ளி உடைந்ததாம்.

"கண்டுபிடிச்சேளா?"

"ஒண்ண கண்டுபிடிச்சிட்டேன்னு நினைக்கேன்."

"நினைக்கேனா? கணக்கு டீச்சர்கிட்ட அந்த பதில் சொல்லப்படாது."

கீழே இறங்கும்போதுதான் சிரிப்பு வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

லீவு. ஆனாலும் பட்டறைச் சாவியை எடுத்தேன். உம்மா: "ஞாயித்துக்கெழமகூட வீட்டுல இருக்க முடியலியா ஒனக்கு? கோழி வாங்கி வச்சிருக்கேன்." சாப்பிட வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டம்.

நினைத்தது சரி. கம்பி கியரைச் சுற்றி முழுவதும் வெட்டிவிட்டால் கியர் தண்ணீருக்குள் விழுந்துவிடும். அதனால் ஓர் இடத்தில் மட்டும் தகட்டோடு ஒட்டவிட்டு, கடைசியில் அதை அறுப்போம். அறுத்த இடத்தில் ஒரு சிறு மேடு நிற்கும். அந்த மேடு எங்கே இருக்கிறது? ஒரு பல்லின் பக்கவாட்டில். அடுத்த கியர் வந்து உரசுகிற இடத்திலேயே. புரோகிராம் தானாகத் தேர்ந்தெடுத்த இடம் அது. டை பிளேட்டுக்கு அது எங்கே இருந்தாலும் ஒன்றுதான், அதனால் நான் மாற்றியதே இல்லை.

பல்லின் உச்சிக்கு மாற்றினேன். உச்சியை எதுவும் தொடாது.

உரசலுக்கு: பொறியைக் குறைத்து, கடைசியில் மெல்லிய சுற்றுகள் இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேட்டைச் சுரண்டிக்கொண்டு போகும். நேரம் பிடிக்கும். காக்கா கத்துவார்.

கோழி ஆறிப்போய்விட்டது. உம்மா பேசவில்லை.

ஜூலை 7, திங்கள்

கத்தினார்.

"அம்பர்நாத்துக்கு டை பிளேட்டு நாளைக்குப் போவணும். நீ ஒரு விரல வச்சிக்கிட்டு மெஷின அடைச்சிட்டு நிக்கே. அவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

"மழைல கரண்ட் ஏறி எறங்குதுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லணுமா?"

"நெசந்தானே, எறங்குதுல்லா."

உண்மையாகவே இறங்கியது. வயர் பட்டென்று அறுந்தது. பாதி வெட்டிய கியர் போச்சு. காக்கா தலையில் கை வைத்தார்.

"ஆயிசா, டிராயிங்ல உள்ளத செஞ்சு குடுத்தாச்சு. சத்தத்துக்கு டிராயிங்ல எங்க எழுதியிருக்கு? அவரு பிளாஸ்டிக்கு போட்டா போட்டும். ஒரு கஸ்டமரு போனா இன்னொருத்தன் வருவான். சல், விடு."

"இத்தன வருசமா நாம வெட்டுனது எல்லாம் ஏதாவது மெஷினுக்குள்ள போய் கெடக்கு, காக்கா. ஒரு ஆளு மேல போறது இது ஒண்ணுதான். அவுக அத ஹேண்ட்பேக்ல போட்டு வச்சிருக்காவ."

"அதுக்கு?"

வயரை இழுத்து மாட்டினேன். அவர் மழையில் குடை இல்லாமல் இறங்கிப் போனார்.

மாலைக்குள் ஒரு செட் முடிந்தது. திரையில் பார்த்தால் குழிகள் சிறுத்திருந்தன. என் வாழ்க்கையில் இவ்வளவு மழமழப்பாக எதையும் வெட்டியதில்லை. சு.சார் வந்து வாங்கிப் போனார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டை பிளேட்டு ஓடுகிறது. காக்காவும் நானும் பேச்சு இல்லை. "டீ?" "ம்." அவ்வளவு.

மதியம் சு.சார் போன். "டிக் போயிடுச்சு, ஆயிஷா. சூப்பர். ஆனா விரல் ஆடுது. லொட லொடன்னு."

உடனே புரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு போனிலேயே காரணம் சொன்னேன், காக்கா காதில் விழுந்திருக்கும். மெல்லிய சுற்று ஒவ்வொன்றும் கொஞ்சம் எஃகைத் தின்கிறது. சுற்றைக் கூட்டினேன், ஆனால் ஆரம்பத்தில் அதற்கென்று சதை விடவில்லை. பல் மெலிந்துவிட்டது. இரண்டு பல்லுக்கும் நடுவில் இடைவெளி. முன்பு கிர்ர், இப்போது லொட லொட.

அழகு பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை. முதல் வருடப் பையன் செய்கிற வேலை.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் நடுவில். சு.சார் குரலில் கோபம் இல்லை. "ட்ரை பண்ணுங்க, பாக்கலாம்" என்றார். அது இன்னும் மோசம். அந்த வகுப்புப் பிள்ளைகள் குனிந்த மாதிரி.

வீட்டுக்கு இறங்க வேண்டிய சயானில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தேன். உம்மா சூடாக ஆப்பம் வைத்தது. சாப்பிட்டதா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

ஜூலை 9, புதன்

பலத்த மழை. பட்டறை வாசலில் கணுக்கால் தண்ணீர். நான் போகும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டை பிளேட்டு இல்லை. கியர்.

காக்கா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "பல்லுக்கு சத வச்சு ஓட்டிருக்கேன். சரியா பாத்துக்க."

"டை பிளேட்டு?"

"நேத்து ராத்திரியே முடிச்சு அனுப்பியாச்சு. விடியக்காலமே வந்துட்டேன்."

அளந்தேன். சரியாக இருந்தது. தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதும்.

ஆனால் உரசல்? எத்தனை மெல்லிய சுற்று விட்டாலும் பொறி பொறிதான், குழி குழிதான். மேலே உருகி உறைந்த தோல் ஒன்று மிச்சம் இருக்கும். கெட்டியான, நொறுங்குகிற தோல். அது உதிர்ந்தால் இன்னும் சொரசொரப்பு. இதற்கு மேல் வயர்கட்டால் ஆகாது என்று சொன்னேன்.

காக்கா பேனாவால் காதைக் குடைந்துகொண்டே யோசித்தார். "நம்ம தாராவியில கம்மல் பாலிஷ் போடுதான்லா, அவன் டிரம்முல போட்டா என்ன?"

முதலில் சிரித்துவிட்டேன். கவரிங் கம்மல், மோதிரம் எல்லாவற்றையும் பாலிஷ் பொடியோடு போட்டு உருட்டுகிற டிரம். பல்லின் முனை மழுங்கிவிடும் என்றேன். "கொஞ்ச நேரம் உருட்டிப் பாப்போம். மழுங்குனா அடுத்தது. அதான் நெறய வெட்டிருக்கேன்ல."

நிறைய வெட்டியிருந்தார். டப்பாவை அமுக்கி மூட வேண்டியிருந்தது, அவ்வளவு.

ஜூலை 10, வியாழன்

பாலிஷ் பட்டறை. எங்கள் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி. டிரம் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். பாலிஷ்காரருக்கு நம்பிக்கை இல்லை. "யே ஸ்டீல் ஹை பாய், சமக் நஹி ஆயேகா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சமக், பளபளப்பு, எங்களுக்கு வேண்டாம் என்று காக்கா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். காக்கா கெஞ்சி இன்றுதான் பார்க்கிறேன்.

தனி டிரம் காலியில்லை. கம்மல் திருகாணிகளோடேயே உருள விட்டார். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வெளியே போனேன், வந்தேன். "ஒரு எடத்துல நில்லு புள்ள, எனக்குத் தல சுத்துது" என்றார் காக்கா.

நிறுத்திக் கொட்டினால் திருகாணி மலை. நடுவே எங்கள் கியர். காக்கா சட்டைப் பையிலிருந்து காந்தம் எடுத்தார். திருகாணி பித்தளை, ஒட்டாது. எஃகு மட்டும் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. முன்கூட்டியே யோசித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

செம்பூருக்கு ஓட்டம். மைக்ராஸ்கோப். பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் மேடுகளின் தலை போய்விட்டது. பல் முனை தப்பித்துவிட்டது. அதிகம் உருண்ட இரண்டு மட்டும் கொஞ்சம் மழுக்கம், ஒதுக்கிவிட்டேன்.

சு.சார் பட்டறையிலேயே உட்கார்ந்து கட்டைவிரலைப் பிரித்து மாட்டினார். தலையோடு தலை முட்டக் குனிந்து மூவரும் காதை வைத்தோம். ஸ்ஸ் என்று ஏதோ. பட்டறை ஃபேனைப் போட்டால் அதுவும் இல்லை. ஆட்டமும் இல்லை.

சு.சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு அவங்களுக்கு கிளாஸ் டெஸ்ட் இருக்கு" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

போன் வரவில்லை. மெஷின் தொட்டியைக் கழுவினேன். ஃபில்டர் மாற்றினேன். பழைய ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினேன். காக்கா ஜும்மாவிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். பாதியை மூடி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், மழை அடித்தது, சாத்தினேன்.

ஸ்கூல் விட்டு வெகுநேரம் கழித்து டீச்சரே கூப்பிட்டார்.

"ஆயிஷா, டெஸ்ட் முடிஞ்சுது. அத்தனை பேப்பரையும் இந்தக் கையாலதான் வாங்கினேன். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பாத்தா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நாலாம் கணக்கு தப்பா அச்சாயிருக்குன்னா. நெஜமாவே தப்புதான்."

அந்தப் பக்கம் சிரிப்பு. எதிரில் காக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். திரும்பி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கனவே நான் துடைத்த மெஷின்.

பிளாஸ்டிக் இல்லை. சு.சார் சொல்லிவிட்டார்.

வீட்டில் இரண்டு தட்டு சோறு. உம்மா ஒன்றும் கேட்காமல் மீன் குழம்பை மறுபடி ஊற்றியது.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி டீச்சர் போன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"தக்காளி நசுங்கிப் போச்சு. புடவையெல்லாம் தக்காளி."

"மோட்டார் ஜாஸ்தியா இழுக்குதா?"

"மோட்டார் அப்படியேதான் இருக்கு. சத்தம்தான் இல்லை. எனக்கு அந்த விரல்ல ஒண்ணும் உறைக்காதே, அதத் தொட்டாலும் தெரியாது, அமுக்கினாலும் தெரியாது. முன்னாடி கிர்ர்னு வரும், சாமானத் தொட்டதும் அந்த கிர்ர் கனமாகும். சரி, பிடிச்சாச்சுன்னு விடுவேன். அத வெச்சுதான் பண்ணிண்டிருந்திருக்கேன், எனக்கே இப்பதான் தெரியறது. நேத்து பஸ்ல கம்பியப் பிடிச்சிண்டதா நினைச்சேன். பிடிக்கலை. பிரேக் போட்டான். பின்னாடி நின்ன அம்மா தாங்கிண்டா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சத்தம் வேணும், ஆயிஷா. கொஞ்சூண்டு. எனக்கு மட்டும் கேக்கறாப்ல."

காக்காவிடம் சொன்னேன். "இத டிராயிங்ல எப்படிளா எழுதுவான் மனுசன்?"

ஜூலை 15, செவ்வாய்

வெயில். நேற்று முழுவதும் மூன்று விதமாக வெட்டினோம். மெல்லிய சுற்றில் ஒன்று குறைத்து, இரண்டு குறைத்து, சுற்றைக் குறைக்காமல் டிரம்மில் மட்டும் போடாமல். சு.சார் மூன்று கட்டைவிரலும் தயாராக வைத்திருந்தார்.

டீச்சர் ஸ்கூல் முடிந்து நேராக வந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். காக்கா ஒரு பை நிறையத் தக்காளி வாங்கி வந்து மேஜையில் அடுக்கினார். டீச்சர் அவரைப் பார்த்து, "நீங்கதானா அந்த மீசை வெச்ச மாமா" என்றார். காக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஃபேனப் போடுங்கோ. மெஷினையும் ஓட விடுங்கோ. நான் நிக்கற இடத்துல எல்லாம் அமைதியா இருக்காது."

கண்ணை மூடிக்கொண்டார். முதல் விரல், தக்காளி நசுங்கியது. அடுத்தது கத்தல், அவரே தலையை ஆட்டிவிட்டார். மூன்றாவது, டிரம்மில் போடாதது. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு அடி தள்ளி நின்ற எனக்கே கேட்கவில்லை. டீச்சர் தலையைச் சாய்த்தார். விரல் மெதுவாக மூடி, தக்காளியின்மேல் பட்டு, நின்றது.

கண்ணைத் திறக்காமல், "பிடிச்சிண்டிருக்கேன்" என்றார்.

தூக்கினார். வைத்தார். மறுபடி தூக்கினார்.

காக்கா ரிப்போர்ட் படிவத்தைக் கொண்டுவந்து, ஃபினிஷ் என்ற கட்டத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். எண் எழுதினேன். பக்கத்தில் இடம் இருந்தது. "டீச்சர் கேட்டுப் பார்த்தது" என்று தமிழில் எழுதினேன். கீழே காக்கா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த செட் நாளைக் காலை. பித்தளை வயர் தீரப் போகிறது.